வாரம் நாலு மணி நேரம் டாங்கி ஓட்டியவள்

ஹேமாவதி செய்த ஒரே தவறு, கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலை எழுதியதுதான்.

வண்டலூர் தாண்டி உள்ளே போகிற சாலையில் இருக்கிறது ஞானப்பிரவாகம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். சாலையைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி. பின்னால் தகரக் கூரை. அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, தேர்வுப் பிரிவில், ஹேமாவதி பல வருடங்களாகத் தற்காலிக உதவியாளர். பம்மலிலிருந்து கல்லூரிப் பேருந்தில் வந்து போவாள். அவளுடைய பணி நிரந்தரக் கோப்பு மேஜை மேஜையாக நகர்ந்து, அந்த வருடம்தான் ஊழியர் நல்வாழ்வுத் துறையின் டீன் டாக்டர் ஸ்ரீவத்சனின் மேஜைக்கு வந்து சேர்ந்திருந்தது. கோப்பு ஏன் நல்வாழ்வுத் துறைக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் வேறு எங்காவது போய்விடும் என்று அவளும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் டீன் எல்லா ஊழியர்களுக்கும் ஒரு கேள்வி அனுப்பினார். உங்கள் மன அழுத்தத்தை எப்படிப் போக்கிக்கொள்கிறீர்கள்? ஊழியர்கள் பெரும்பாலும் யோகா என்று எழுதினார்கள். பக்கத்து இருக்கை ரோஸி, கேன்டீனுக்கு நடக்கச் சோம்பல்பட்டு யாராவது டீ வாங்கி வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பவள், நடைப்பயிற்சி என்று எழுதினாள். ஹேமாவதி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இப்படி எழுதினாள்: ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் என் வீட்டுக்காரரும் பழைய டிவி கேமில் டாங்கி சண்டை விளையாடுவோம்.

அது உண்மை. அவள் கணவர் குமரேசன் பம்மலில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். எப்போதோ ஒருவர் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத டிவி கேம் ஒன்று, கேசட்டோடு, வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பழைய டப்பா டிவியில் அதை மாட்டினால் மஞ்சளில் ஒரு டாங்கியும் பச்சையில் ஒரு டாங்கியும் வரும். திரையின் அடியில் செங்கல் சுவருக்குள் ஒரு பறவைச் சின்னம். மேலிருந்து எதிரி டாங்கிகள் சுவரை உடைத்துக்கொண்டு வரும். பறவை போனால் ஆட்டம் போச்சு. குமரேசன் எப்போதும் முன்னால் போய்ச் சுடுவார். ஹேமாவதி பறவைக்குக் காவல் நிற்பாள்.

மகள் மிருதுளா வேலை கிடைத்து ஓசூருக்குப் போன பிறகு வீட்டில் பேச்சு குறைந்துபோனது. சண்டை ஒன்றும் இல்லை. பேச என்ன இருக்கிறது என்கிற நிலைமைதான். ஆனால் இரண்டு பேரும் கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருக்கும்போது பேச்சு தானாக வந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அவள் அப்படித்தான் சொன்னாள். குமரேசன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எடுத்துடலாம், நான் கூட இருக்கேன்" என்றார். அந்த ஆட்டத்தில் அவருடைய டாங்கி சுவரிலேயே முட்டிக்கொண்டு நின்றது. முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு பேருமே அழுதிருப்பார்கள்.

பதில் எழுதிய மறுவாரம் டீன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் ஒரு சிறிய செயற்கை நீர்வீழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. மன அமைதிக்காக வைத்தது. அதன் சத்தத்தில் பேசுவது காதில் விழாததால் அவர் கொஞ்சம் உரக்கவே பேசினார்.

"மேடம், இங்க முக்காவாசி பேர் யோகான்னு எழுதியிருக்காங்க. யோகா எல்லா யுனிவர்சிட்டிலயும் இருக்கு. நமக்கு கிரேடு போட தரக் குழு வந்து உங்ககிட்ட என்ன ஸ்பெஷல்னு கேட்டா நான் யோகாவையா காட்ட முடியும்? வேற எங்கயும் இல்லாத ஒரு சந்தோஷம் எனக்கு வேணும். அது உங்ககிட்ட இருக்கு."

அது சும்மா ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு சார் என்றாள் ஹேமாவதி. பொழுது போனால் அதை அளக்க முடியும், அளக்க முடிந்தால் தரக் குழுவிடம் காட்ட முடியும் என்று டீன் விளக்கினார். அவளுடைய கோப்பை எடுத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தார். அதைப் பார்த்துவிட்டு அவள் சரி சார் என்றாள்.

சுற்றறிக்கை வந்தது. 'மரபு மின்விளையாட்டு வழி ஊழியர் நல்வாழ்வுத் திட்டம்' என்று அதற்குப் பெயர். ஊழியர் ஒவ்வொருவரும் வாரத்துக்குக் குறைந்தது நாலு மணி நேரம், அலுவலக நேரத்துக்கு வெளியே, பழைய வீடியோ கேம் விளையாட வேண்டும். நேரத்தை அளக்க 'ஆனந்தமானி' என்று ஒரு செயலி. கணினித் துறை மாணவர்கள் மதிப்பெண்ணுக்காகச் செய்துகொடுத்தது. கால் மணிக்கு ஒரு தடவை அது கூவும். கூவியதும், திரையும் தன் முகமும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு செல்ஃபி எடுத்து அனுப்ப வேண்டும். முகத்தில் போதிய மலர்ச்சி இல்லையென்றால் அந்தக் கால் மணி நேரம் தள்ளுபடி.

திட்டத்துக்கு முன்மாதிரி யார் என்பதையும் சுற்றறிக்கையில் போட்டிருந்தார்கள். ஹேமாவதியின் புகைப்படம். பணியில் சேர்ந்தபோது எடுத்தது.

அன்றிலிருந்து கேன்டீனில் அவள் உட்கார்ந்த மேஜை காலியாகவே இருந்தது. ரோஸி மட்டும் வந்து உட்கார்ந்தாள், அதுவும் திட்டுவதற்காக. "நானும்தான் நடைப்பயிற்சின்னு பொய் எழுதினேன். யாருக்காவது தொந்தரவு ஆச்சா? உன்ன யாரு நிஜத்த எழுதச் சொன்னது?" ரோஸி தன் மாமியாரின் பழைய பட்டன் போனை வாங்கி, அதில் பாம்பு விளையாட்டைத் திறந்து வைத்துவிட்டு சமையல் செய்தாள். கூவும்போது ஓடிவந்து, சர்ச்சில் பாட்டுக் குழுவுக்குப் படம் எடுக்கும்போது வைத்துக்கொள்கிற முகத்தை வைத்துக்கொள்வாள். ஒரு செல்ஃபிகூட அவளுக்குத் தள்ளுபடி ஆகவில்லை.

பேருந்து ஓட்டுகிற குப்பனுக்கும் விலக்கு இல்லை. விடியும் முன்னால் வண்டியை எடுத்து, இருட்டிய பிறகு வீடு போகிற மனிதர். அவரும் ஒரு பட்டன் போன் வாங்கி, பெருங்களத்தூர் நெரிசலில் வண்டி நிற்கும்போதெல்லாம் பாம்பு விளையாடினார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். ஆனந்தமானி, பின்னணி நகர்கிறது என்று சொல்லி அவருடைய நேரத்தை ஏற்க மறுத்தது.

"யக்கா, இன்னா யக்கா இப்டி பண்ட்ட? வண்டிய ஓட்றதா, பாம்ப ஓட்றதா? வூட்ல குந்தி வெளாட டைம் இருந்தா நான் ஏன் பஸ்ஸு ஓட்டிகினு கீறேன்?"

அவள் மன்னிப்புக் கேட்டாள். குப்பன் நல்ல மனிதர். பேஜார்தான், விடு என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலத்தான் உட்கார்ந்தார்கள். ஆனந்தமானி கூவியது. ஹேமாவதி ஒரு கையால் போனைத் தூக்கிச் சிரித்தாள். அந்த நேரத்தில் காவல் இல்லாமல் பறவை போனது. பரவாயில்லை என்று குமரேசன் மறுபடி போட்டார். அதற்குள் செய்தி வந்தது: படத்தில் அனுமதி பெறாத நபர் இருக்கிறார்.

மறுநாள் அவள் டீனிடம் போய், அந்த நபர் தன் கணவர்தான் என்றும், இருபத்து நாலு வருடமாக அனுமதியோடுதான் இருக்கிறார் என்றும் சொன்னாள். டீன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு துணைக்குழு அமைத்தார். குழு கூடி, மதிய உணவு சாப்பிட்டு, மறுபடி கூடி, தீர்ப்பு சொன்னது. இருவர் சேர்ந்து ஆடும்போது மகிழ்ச்சி இருவருக்கும் பிரிகிறது. ஆகவே ஊழியருக்கு அந்த நேரத்தில் பாதி மட்டுமே சேரும். மீதிப் பாதி ஊழியரல்லாத ஒருவருக்குப் போக முடியாது என்பதால் அது பல்கலைக்கழகத்தின் பொதுக் கணக்கில் சேரும்.

"சார், அவர் இல்லாம எனக்கு அந்த கேமே பிடிக்காது" என்றாள் ஹேமாவதி.

"நீங்க சந்தோஷமா இருக்கீங்களா இல்லையாங்கிறது உங்க பர்சனல் விஷயம் மேடம். அதுல நான் தலையிடவே மாட்டேன்" என்றார் டீன், நீர்வீழ்ச்சிக்கு மேலாக. "எவ்வளவு நேரம் சந்தோஷமா இருந்தீங்கங்கிறது மட்டும்தான் என் டிபார்ட்மென்ட்."

நாலு மணி நேரம் சேர வேண்டும் என்றால் குமரேசனோடு எட்டு மணி நேரம் ஆட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் அவ்வளவு இடம் இல்லை. வாரத் துணியைத் துவைக்க வேண்டும், மாவு அரைக்க வேண்டும், மிருதுளாவிடம் போனில் பேச வேண்டும். ஆகவே ஹேமாவதி தனியாக ஆடத் தொடங்கினாள். குமரேசன் கட்டிலில் உட்கார்ந்து பின்னாலிருந்து, இடது பக்கம் வரான் பாரு, அந்தச் சுவர விட்டுடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆனந்தமானி கூவும்போதெல்லாம் படத்தில் விழாமல் இருக்கக் குனிந்துகொள்வார். சில வாரங்கள் அப்படிக் குனிந்து குனிந்து நிமிர்ந்தார். பிறகு வாசலில் போய் நின்றார். பிறகு ஞாயிற்றுக்கிழமையும் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

தனியாக ஆடுவது அவளுக்கு வரவில்லை. முன்னால் போனால் பறவை போகிறது. பின்னால் நின்றால் எதிரிகள் பெருகுகிறார்கள். ஆட்டம் தோற்றுப்போவதைப் பற்றி ஆனந்தமானிக்குக் கவலை இல்லை. முகம் மலர்ந்திருந்தால் போதும். கன்னம் வலிக்க வலிக்க அவள் பல்கலைக்கழகத்திலேயே அதிக நேரம் மகிழ்ச்சியாக இருந்தவள் என்று பெயர் வாங்கினாள்.

அதற்குப் பரிசாக அவளைத் திட்ட ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார்கள். தேர்வுப் பிரிவு வேலை அப்படியே இருக்க, யார் எவ்வளவு விளையாடினார்கள் என்று துறைவாரியாகத் தொகுத்து, குறைந்தவர்களுக்குக் குறிப்பாணை தட்டச்சு செய்கிற வேலையும் வந்தது. நேரம் கூடிப்போனவர்களும் உண்டு. உடற்கல்வி இயக்குநர் வெற்றிவேலுக்கு நிஜமாகவே ஆட்டம் பிடித்துப்போய், பாம்பை விட முடியாமல், சுற்றறிக்கையின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்த உச்சவரம்பைத் தாண்டிவிட்டார். அவரை விளையாட்டு அடிமைத்தன மீட்பு ஆலோசனைக்கு அனுப்பினார்கள். மீட்பு ஆலோசகரும் டீன்தான். அறையும் அதேதான், பெயர்ப்பலகையை மட்டும் திருப்பி மாட்டிக்கொள்வார். நீர்வீழ்ச்சியை நிறுத்திவிடுவார், அது வேறு துறையின் சொத்து.

ஆய்வுக் கூட்டங்களை டீன் ஞாயிற்றுக்கிழமைகளில் கணினி வழியாக வைத்தார். விளையாட ஏன் நேரமில்லை என்பதைப் பற்றிய கூட்டங்கள். ஆதலால் ஹேமாவதிக்கு விளையாட நேரமில்லாமல் போனது. அவள் நேரம் குறைந்ததும் அவளுக்கும் குறிப்பாணை போக வேண்டியிருந்தது. அவளே அதைத் தட்டச்சு செய்தாள். டீனிடம் கையெழுத்து வாங்கினாள். தன் மேஜைக்கு வந்து தன்னிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் போட்டு, விளக்கமும் எழுதினாள்.

டீன் விளக்கத்தைப் படித்துவிட்டு உண்மையாகவே வருந்தினார். "நியாயமான காரணம்தான் மேடம். ஆனா நியாயமான காரணம்னு ஆனந்தமானியில ஒரு ஆப்ஷன் இல்லையே."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் முடிந்து அவள் அவசரமாக டிவி கேமைப் போட்டபோது குமரேசன் கடைக்குப் போகாமல் வீட்டில் நின்றார். இரண்டாவது ரிமோட்டை எடுத்து ஒயரைச் சிக்கெடுத்துக்கொண்டே கேட்டார்.

"இன்னிக்கு ரெண்டு பேரா ஆடலாமா ஹேமா?"

"பாதிதாங்க ஏறும். ஏற்கெனவே மெமோ வந்துடுச்சு. அடுத்த வாரம் ஆடலாமே."

சரி என்றார். ஒயரைச் சுருட்டி டிவி மேல் வைத்துவிட்டு வெளியே போனார். அடுத்த வாரமும் கேட்டார். அன்றைக்கு அவள் செல்ஃபிக்குச் சிரித்துக்கொண்டிருந்ததால் தலையை மட்டும் ஆட்டினாள். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

தரக் குழு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. டீன் அதற்குள் 'தொன்மை மின்விளையாட்டுக் கூடம்' என்று ஒரு கூடம் திறந்திருந்தார். பழைய விளையாட்டுக் கருவிகள் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருந்தன. தூசு படும் என்பதால் எதற்கும் மின் இணைப்பு கிடையாது. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் இணைப்புக் கொடுத்து, அதன் முன்னால் ஹேமாவதியை உட்கார வைத்திருந்தார்கள். பட்டுப்புடவை கட்டி வரச் சொல்லியிருந்தார்கள்.

டீன் பேசினார். மகிழ்ச்சி இதுவரை ஒழுங்குபடுத்தப்படாத துறையாக இருந்தது என்றார். ஊழியர்கள் தங்கள் இஷ்டப்படி, கண்ட நேரத்தில், எந்த ஆதாரமும் இல்லாமல் மகிழ்ச்சியாக இருந்துவந்தார்கள், அந்த நிலையை இந்தப் பல்கலைக்கழகம் முற்றிலுமாக ஒழித்துவிட்டது என்றார். குழுவினர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்கள்.

குழுவில் வயதான பேராசிரியை ஒருவர் இருந்தார். அவர் திடீரென்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டாவது ரிமோட்டைக் கையில் எடுத்தார். என் தம்பியோடு இதை ஆடியிருக்கிறேன் என்றார். டீனுக்கு வியர்த்தது. ஆட்டம் தொடங்கியது. பேராசிரியையின் பச்சை டாங்கி தைரியமாக முன்னால் போனது. ஹேமாவதி தன்னையறியாமல் பறவைக்குப் பக்கத்தில் வந்து காவல் நின்றாள். ஒன்று, இரண்டு என்று எதிரிகள் போனார்கள். இடது பக்கம் வரான் பாருங்க என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். பேராசிரியை சிரித்துக்கொண்டே திரும்பிச் சுட்டார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த விளையாட்டு விளையாட்டாக இருந்தது. ஆனந்தமானி கூவியது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் பேராசிரியை, வீட்டில் யாரோடு ஆடுவீர்கள், கணவரும் ஆடுவாரா என்று கேட்டார். ஹேமாவதி வாயைத் திறப்பதற்குள் டீன் முந்திக்கொண்டார்.

"குடும்பப் பங்கேற்பு ஐம்பது சதவிகிதம், மேடம்."

நல்லது என்று பேராசிரியை எழுதிக்கொண்டார். எல்லோரும் மதிய உணவுக்குப் போனார்கள்.

சனிக்கிழமையும் கூடத்தை ஒழுங்குபடுத்த வேலை இருந்தது. மாலையில் திரும்பும்போது பேருந்தில் பாதிப் பேர்தான். தாம்பரம் தாண்டியதும் குப்பன் கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார்.

"அண்ணன் கடைய காலி பண்றாராமே யக்கா? எங்க போயி வெக்கப் போறாரு?"

எந்தக் கடை என்று கேட்டாள். குப்பன் கண்ணாடியிலிருந்து பார்வையைச் சாலைக்குத் திருப்பினார். பிறகு, ரிப்பேருக்குக் கொடுத்த தன் வீட்டு டிவியைத் திருப்பி வாங்கப் போனபோது தெரிந்தது என்றார். கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். உரிமையாளர் சொல்லியே ரொம்ப நாள் ஆகிறதாம். "உனுக்குத் தெர்யும்னு நெனச்சிகினு கேட்டுட்டேன் யக்கா" என்றார்.

பம்மலில் இறங்கி அவள் வீட்டுக்குப் போகாமல் கடைக்குப் போனாள். அந்தத் தெருவில் மற்ற கடைகளில் ஷட்டர் இறங்கியிருந்தது. குமரேசன் கடையில் பாதி அலமாரி காலி. சுவரில் அலமாரி இருந்த இடம் மட்டும் பழைய பச்சைப் பெயின்ட்டாக இருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து ஸ்க்ரூக்களை அளவுவாரியாகப் பிஸ்கட் டப்பாக்களில் போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. வா, உட்காரு, அந்த ஸ்டூல்ல தூசி இருக்கும் என்றார்.

அவள் உட்காரவில்லை. "ஏங்க சொல்லல?" என்றாள்.

"சொல்லலாம்னுதான் நெனச்சேன்." அவர் ஒரு ஸ்க்ரூவை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு வேறு டப்பாவில் போட்டார். "சும்மா எதிர்ல உக்காந்து சொல்ல வரல எனக்கு. ஆடும்போது சொல்லிடலாம்னு பாத்தேன். நீ ஆடிட்டு இருந்த."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள். நடந்ததை நடந்த மாதிரியே சொன்னார். முப்பது வருடமாக உட்கார்ந்த கடை. எங்கே போவது என்று முடிவாகவில்லை, மிருதுளாவிடமும் சொல்லவில்லை. அவள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் குந்தி, ஸ்க்ரூக்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். எந்த அளவு எந்த டப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுடைய டப்பாவிலிருந்து அவர் ஒவ்வொன்றாக எடுத்து மாற்றிப் போட்டார்.

அடி அலமாரிக்குள் எட்டிப் பார்க்க வெளிச்சம் போதவில்லை. டார்ச் அடிக்க அவள் போனை வாங்கிக்கொண்டார். அவர் கையில் இருக்கும்போதே அது கூவியது. முந்தின நாள் தரக் குழு முன்னால் ஆடியதை டீன் சிறப்பு அனுமதியில் முழு நாலு மணி நேரமாகச் சேர்த்திருந்தார். குமரேசன் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"வாழ்த்துகள். இந்த வாரத்துக்கான உங்கள் மகிழ்ச்சி நிறைவடைந்தது."

படித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"அப்ப நாளைக்கு ஃப்ரீயா?"

நாளைக்கு மத்தியானம், தரக் குழு வந்துபோனதற்குப் பாராட்டுக் கூட்டம். வருகையைக் குறிக்க வேண்டியவள் அவள்தான்.

"மீட்டிங் இருக்குங்க" என்றாள்.

குமரேசன் தலையாட்டினார். குனிந்து, டார்ச்சை அலமாரியின் உள்பக்கம் திருப்பினார்.